ஞானாதிக்கத்தின் தாஜ்மகால்

கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு ஞானாதிக்கம் ஈபிள் கோபுரத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வெளியே தெரிவது அவருடைய முதுகும், சாயம் பட்ட வேட்டியும், காமிராவைத் தடவித் திருகுகிற கையும்தான். "பாரீசு பட்டணத்துப் பெரிய மனுசன் அம்புட்டுப் பேரும் சேந்து கையெழுத்துப் போட்டான், மாப்ள. இந்த இரும்புப் பூதம் எங்களுக்கு வேணாம், பிரிச்சுப் போடுங்கன்னு. சர்க்காரும் சரின்னுட்டான். இருபது வருசம் நின்னுட்டுப் போகட்டும், அப்பறம் பிரிச்சுருவோம்னான்." துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்த பிறகும், படம் பதிகிற கண்ணாடிப் பிளேட்டைச் செருகுகிறபோதும் கதை நிற்பதில்லை. "கெடுவும் முடிஞ்சுது. சம்மட்டியத் தூக்கிக்கிட்டு ஆளு ஏறப்போறான். அந்நேரம் பாரு..."

இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வார். நாற்காலியில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் தன் விறைப்பை மறந்து, அப்புறம் என்ன ஆச்சு என்று முகத்தை நீட்டுவான். கண்ணில் களை வரும். லென்ஸ் மூடியைக் கழற்றி, மாட்டி, "ஆச்சு, எந்திரி. மிச்சக் கதைய பிரிண்டு வாங்க வாரப்பச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ஞானாதிக்கம் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

சிம்மக்கல்லில் மிளகாய் மண்டிக்கு மேலே, நெடி ஏறிவருகிற மாடியில் இருக்கிறது அவருடைய ஸ்டூடியோ; பின்கட்டில் வீடு. கூரையில் பாதி கண்ணாடி. பகல் வெளிச்சம்தான் விளக்கு. மேகம் போட்டால் கடை கிடையாது. படம் பிடிக்க வருகிறவனுக்கு ஆயுசு குறைந்துவிடுமோ என்று ஒரு பயம், ஆடிவிடுவோமோ என்று இன்னொரு பயம். இரண்டையும் மறக்கடிக்க அவர் கண்டுபிடித்த மருந்து கதை. அதில் கொஞ்சம் வியாபாரமும் உண்டு. யுத்தத்தால் பிளேட்டும் காகிதமும் அரிதாகிவிட்ட இந்த நாளில், எடுத்த படத்தை வாங்க வராமல் போகிறவனைப் போலத் துரோகி உலகத்தில் இல்லை என்பது அவர் கட்சி. பாதிக் கதை கேட்டவன் மீதிக்காவது படியேறி வருவான் அல்லவா?

கதைகளெல்லாம் சீன்களுடையவை, சித்திரத் திரைகளுடையவை. கலைந்துபோன நாடகக் கம்பெனி ஒன்றிலிருந்து நாலு திரைகளை வாங்கிவந்து ஆள் உட்காரும் இடத்துக்குப் பின்னால் தொங்கவிட்டிருக்கிறார். எழுதிய ஓவியன் வைகையைத் தாண்டினவன் இல்லை. பிஸ்கோத்து டப்பா மூடியையும் காலண்டரையும் பார்த்து உலகத்தையே எழுதிவிட்டான். கதைகளை அவருக்குக் கொடுத்தது, முன்பு இங்கே இருந்த பிரெஞ்சுச் சாமியார் ஒருவர். மாதாகோயில் விசேஷங்களைப் படம் பிடிக்கப் போகும்போதெல்லாம் வாயைக் கிண்டி வாங்கிக்கொண்டுவந்து, மதுரைக்குத் தகுந்த மாதிரி உப்புக்காரம் சேர்த்துக்கொண்டார் ஞானாதிக்கம்.

நாலு சீனில் சாய்ந்த கோபுரம் அவருக்குப் பெரிய நஷ்டம். இத்தாலி தேசத்தில் கட்டும்போதே சாய ஆரம்பித்து, சாய்ந்தால் சாயட்டும் என்று மேலே மேலே கட்டி முடித்த கோபுரம் அது. அதன் முன்னால் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்ட ஒரு கல்யாணக் கோஷ்டி, "கோணலா எடுத்துப்புட்டு கதை வேற சொல்றீகளா?" என்று பிரிண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அதன்பிறகு அவர் சீனைச் சாய்த்துக் கட்டிக் கோபுரத்தை நிமிர்த்தினார். கோபுரம் நிமிர்ந்தது, பக்கத்து மரங்களெல்லாம் சாய்ந்துகொண்டன. ஈபிள் கோபுரத்தைப் பார்த்தால் பைக்காராவிலிருந்து கரண்டு கொண்டுவருகிற கம்பம் என்று பெண்கள் தள்ளி நிற்கிறார்கள். லண்டன் பாலம் நல்ல சீன்தான், ஆனால் குண்டு விழுகிற ஊர். "நம்ம ஊரு மகாலு ஒண்ணு எழுதி வச்சா என்ன?" என்று யாரோ கேட்டதற்கு, "சும்மாவே போயி நிக்கலாம், அதுக்கு எங்கிட்ட எதுக்கு வாரான்?" என்று சொல்லிவிட்டார்.

ஆக எல்லாரும் கைகாட்டியது தாஜ்மகாலைத்தான். வெள்ளை வெளேரென்று கும்மட்டம், நாலு தூண், முன்னால் தண்ணீர். ஓவியன் கைச்சரக்காக ஒரு நிலா. "ராசா ராணி மேல உசுரையே வச்சிருந்தான். உலகத்துல எவனும் எவளுக்கும் கட்டாதத ஒனக்குக் கட்டிக் குடுக்கிறேண்டின்னான். ஒருநாள் ராணிக்கு வலி கண்டுச்சு, ராசா வாசல்ல நடையா நடக்குறான்..." இங்கே மூடி கழன்றுவிடும். ராணி செத்துப்போனாள், இது அவளுடைய கல்லறை என்பது பிரிண்டு வாங்க வரும்போது சொல்லுகிற பகுதி. கல்யாண ஜோடிகள் அதைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பெண் லேசாகக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். ஒருவருக்கும் அதில் குறை தோன்றியதில்லை. அவருக்கும்தான்.

அவர் மனைவி ஆனிமேரிக்கு முன்பாதி மட்டும்தான் தெரியும். தட்டிக்கு அந்தப்பக்கம் பெண்களுக்குத் தலைவாரி, பூவைச் சரிசெய்து அனுப்புவது அவள் வேலை. பிரிண்டு கொடுக்கிற மேஜை படிக்கட்டு ஓரத்தில் இருப்பதால், அங்கே பேசுவது அவள் காதில் விழாது. ராசா பிரியமாகக் கட்டிக்கொடுத்த அரண்மனை என்றே இத்தனை வருஷமாக நினைத்திருக்கிறாள். "அவனும் ஒரு ஆம்பள. எனக்கு அடுப்படிக்கு ஒரு கதவு போட்டுக் குடுக்க ஒங்களால ஆகல" என்று அதை வைத்தே அவரை இடித்தும் காட்டுவாள்.

யுத்தம் வந்த பிறகு பட்டாளத்துப் பையன்கள் வர ஆரம்பித்தார்கள். உசிலம்பட்டிப் பக்கம், சோழவந்தான் பக்கம், பரவையிலிருந்து. புது உடுப்பின் மடிப்பு கலையாமல் வந்து நின்று படம் எடுத்துக்கொண்டு, அன்றைக்கே ரயிலேறிவிடுவார்கள். பிரிண்டை ஆத்தாவோ தங்கச்சியோ பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ்ஸில் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். அப்படி வாங்கிப்போன ஒரு குடும்பம் சில மாதம் கழித்து அதே படத்தோடு திரும்பி வந்தது. பையன் பெயர் நல்லகாமன். பெரிசாகப் போட்டுக் கொடுக்க வேண்டும், மாலை போடுவதற்கு. ஞானாதிக்கம் படத்தை வாங்கிப் பார்த்தார். பையனுக்குப் பின்னால் தாஜ்மகால். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. அடுத்து இன்னொரு தாய் முந்தானையிலிருந்து படத்தை எடுத்துக் கொடுத்தபோதும் பின்னால் அதே கும்மட்டம், அதே நிலா. அன்றைக்கு அவருக்கு மதியச் சோறு இறங்கவில்லை.

வருகிறவனில் பெரும்பாலானவன் தாஜ்மகால் முன்னால் நின்றால், சாகிறவனிலும் பெரும்பாலானவன் அதற்கு முன்னால் நின்றவனாகத்தானே இருப்பான்? இந்தக் கணக்கு அவருக்குத் தெரியாததல்ல. வெயில் நன்றாக அடிக்கிற நேரத்தில் அவரே தனக்கு இதைச் சொல்லிக்கொள்வார். லண்டன் பாலத்தின் முன் நின்ற ஒருவனும் போய்ச்சேர்ந்தான். அது அவர் மனசில் ஒட்டவே இல்லை. கதையின் பின்பாதியை மறைத்து, கல்லறையென்று சொல்லாமல் கல்லறைக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்தி வழியனுப்பிவிட்டோம் என்கிற எண்ணம் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

ஆகவே அவர் தாஜ்மகாலைச் சுருட்டி இருட்டறைப் பரண்மேல் போட்டார். கேட்டவர்களிடம் சாயம் உதிர்ந்துவிட்டது என்றார். மனைவியிடமும் அதையே சொன்னார். பல்லி சொல்லுக்குப் பயணத்தைத் தள்ளிப்போடுகிறவர்களைக் கேலிசெய்கிறவள் அவள். விடிகாலைப் பூசை தவறாதவள். இதைச் சொன்னால், சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொல்லுங்க என்பாள். அதைவிடப் பெரிய காரணம் வேறு. வாயால் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தார்.

சொல்லாமல் இருந்ததற்குப் பலன் போன ஐப்பசியில் வந்தது. அவர்களுக்கு ஒரே மகன், மைக்கேல்ராஜ். பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறான். லீவு முடிந்து அஸ்ஸாம் பக்கம் போகிற நாளில், ஞானாதிக்கம் தல்லாகுளத்தில் யாரோ ஒரு அதிகாரியின் பிரிவுபசாரப் படம் எடுக்கப் போயிருந்தார். யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்கிற சண்டை முடிந்து அவர் வீடு திரும்பியபோது பையன் தோளில் பையோடு படியிறங்கிக்கொண்டிருந்தான். காலைத் தொட்டுக் கும்பிட்டான், போய்விட்டான். "நானே படம் எடுத்துட்டேன்" என்றாள் ஆனிமேரி, கண்ணைத் துடைத்துக்கொண்டே, பெருமையாக. ஆண்கள் முன்னால் வராத கோஷாப் பெண்களுக்கெல்லாம் லென்ஸ் மூடியைக் கழற்றுகிறவள் அவள்தான். அவளுக்கு அந்த வேலை தெரியும்.

பிளேட்டை இருட்டறைக்குள் கொண்டுபோய்ச் சிவப்பு விளக்கில் மருந்துத் தண்ணீரில் ஆட்டினார். நிஜத்தில் வெளுப்பாக இருப்பது எதுவோ, அதுதான் பிளேட்டில் முதலில் கறுப்பாக எழும்பும். மகனுடைய முகம் வருவதற்கு முன்னால் ஒரு கும்மட்டம் எழும்பிற்று. சாயம் உதிர்ந்தாலும் பரவாயில்லை என்று ஆனிமேரி பரணிலிருந்து அதையே இறக்கி மாட்டியிருக்கிறாள். அப்புறம் தூண்கள். கடைசியாகத்தான் பையன் வந்தான், சிரித்துக்கொண்டு. பள்ளிக்கூடத்தில் படித்தவன், அவனுக்கு அது என்ன இடம் என்று தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் சிரித்திருப்பான். ஞானாதிக்கம் மருந்துத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கும்மட்டத்தை மட்டும் சுரண்டி எடுத்துவிடலாம் என்று ஒருநாள் பிளேட்டைத் திருத்துகிற டச்சிங் கத்தியைக் கையில் எடுத்தார். அது பையனுடைய காதோரம் வரை இறங்கியிருந்தது. மகன் காதில் கத்தி வைக்க மனம் வராமல் வைத்துவிட்டார். ஆனிமேரியோ அந்தப் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் அவர் சாப்பிடுகிறார்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இப்போது சித்திரை. அஸ்ஸாம் பக்கம் சண்டை நடக்கிற ஊர் என்று கோஹிமாவின் பெயர் தினமும் பேப்பரில் வருகிறது. தபால்காரர் சின்னானுடைய சைக்கிள் மணி மண்டி வாசலில் கேட்டதும் ஞானாதிக்கத்துக்குப் பிளேட்டு கழுவுகிற வேலை வந்துவிடும். இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மனைவி யாரோடு பேசுகிறாள், குரல் எப்படி இருக்கிறது என்று கதவில் காதை வைத்துக் கேட்பார். "சின்னான் போயாச்சு, ஒண்ணும் இல்ல" என்று அவள் சொன்ன பிறகுதான் வெளியே வருவார், வேர்த்து விறுவிறுத்து. கதவு திறந்தால் பிளேட்டு பாழாகிவிடும் என்கிற சாக்கு இருக்கிறவரைக்கும் யாரும் அவரை ஒன்றும் கேட்பதில்லை.

போன வாரம் பரவையிலிருந்து பாண்டியம்மாள் என்கிற அம்மாள் தன் மகன் விருமாண்டியோடு வந்தாள். பையனுக்கு உடுப்பு புதுசு, மீசை அதைவிடப் புதுசு. சாயங்கால ரயிலுக்குப் போகவேண்டும். ஆனிமேரி அவனைத் தட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய்த் தலைசீவிவிட்டுக்கொண்டிருந்தாள். எந்தப் பையன் வந்தாலும் இப்போதெல்லாம் அவள் கொஞ்சம் கூடுதல் நேரம் சீவுகிறாள். பாண்டியம்மாள் சீன்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "வெள்ளக் கோட்டை ஒண்ணு இருக்குமே, அது எங்க அண்ணே?" என்றாள்.

"அது சாயம் போச்சு, தாயி. இங்க பாரு, லண்டன் பாலம். நடுவுல ரெண்டாப் பொளந்து மேல தூக்கிக்கிரும்."

"பொளக்கிற பாலமெல்லாம் எதுக்கு? எங்க பக்கத்து வீட்டுச் சோலையம்மா மகன் அந்தக் கோட்டை முன்னாடிதான நிக்கிறான். போன மாசம் லீவுல வந்துட்டுக்கூடப் போனான்."

ஞானாதிக்கம் சட்டென்று திரும்பினார். "வந்தானா? நெசமா வந்தானா?"

"வராம? திம்முன்னு வந்தான்."

"கை காலெல்லாம் நல்லாருக்கா? எங்க இருந்து வந்தான்? அஸ்ஸாமா?"

"எனக்கென்ன தெரியும், அண்ணே. வந்தான், கறி தின்னான், போனான்." அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவருக்கோ அவள் காலில் விழலாம் போல இருந்தது. அந்தச் சீன் முன்னால் நின்ற ஒருவன் முழுசாகத் திரும்பி வந்து கறி தின்றிருக்கிறான். கிறிஸ்துமஸ் கார்டுக்குப் பிறகு அவர் காதில் விழுந்த முதல் நல்ல சேதி அது. முகமே மாறிவிட்டது. அந்தத் தைரியத்தில், "சரி, எடுத்துப் போடுறேன்" என்றுகூடச் சொல்லிவிட்டார்.

சொல்லிவிட்டு இருட்டறைக்குள் போய்ப் பரணிலிருந்து சுருளை இறக்கினார். இறக்கிக் கையில் வைத்துக்கொண்டதும் தைரியம் எங்கேயோ போய்விட்டது. அங்கே தட்டிக்குப் பின்னால், "ஒனக்குக் கூடப்பொறந்தவுக இருக்காகளாப்பா?" என்று ஆனிமேரி கேட்பதும், "இல்லம்மா, நான் ஒருத்தன்தான்" என்று பையன் சொல்வதும் கேட்டது. வெளியே போய் இது கல்லறை என்று சொல்லிவிடலாம். சொன்னால் பாண்டியம்மாள் பையனை இழுத்துக்கொண்டு ஓடிவிடுவாள், அது பரவாயில்லை. ஆனால் அது தட்டிக்குப் பின்னால் நிற்பவள் காதிலும் விழும். தன் மகனை எங்கே நிறுத்தி மூடியைக் கழற்றினோம் என்று அவளுக்குத் தெரிந்துபோகும். அவர் ஐப்பசியிலிருந்து தனியாகச் சுமப்பதை அவளும் தூக்கவேண்டி வரும். சொல்லாமல் மாட்டினாலோ, அதன் முன்னால் நிற்கப்போவது இன்னொருத்தியின் ஒரே பிள்ளை.

"அண்ணே, ரயிலுக்கு நேரமாகுது" என்றாள் பாண்டியம்மாள்.

ஞானாதிக்கம் சுருளைக் கொஞ்சம் விரித்து, ஓரத்தைக் காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். நாடகக் கம்பெனித் துணி, லேசில் கிழியாது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் இழுத்தார். கும்மட்டத்தின் உச்சியிலிருந்து தண்ணீர்வரைக்கும் அது பெரிய சத்தத்தோடு கிழிந்தது. கடைக்குச் சோறு போட்ட சீன். கிழிந்த துணியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, மூச்சு வாங்க, "பரண்லருந்து இறக்கையில ஆணியில மாட்டிக் கிழிஞ்சிருச்சு, தாயி. ஒனக்குக் குடுத்து வைக்கல" என்றார்.

பாண்டியம்மாளுக்கு மனக்குறைதான். ஆனால் ரயில் காத்திருக்காது. விருமாண்டி லண்டன் பாலத்துக்கு முன்னால் நின்றான். "பாலம் தூக்கியிருக்கு, கப்பலு வருது. அந்நேரம் பாத்து இங்கிட்டு ராசா சாரட்டுல வாராரு. எவனா இருந்தாலும் கப்பலுக்குத்தான் மொத வழின்னு சட்டம், மாப்ள. காவக்காரன் முழிக்கிறான்..." பையன் முகத்தில் களை வந்தது. மூடியைக் கழற்றி மாட்டினார்.

அவர்கள் படியிறங்கிப் போனதும் கிழிந்த சீனை மூலையில் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். நல்ல காரியம் ஒன்று செய்துவிட்ட மாதிரி இருந்தது. இனி எவனும் அதன் முன்னால் நிற்கப்போவதில்லை. ஆனிமேரி வந்து துணியை இழுத்துக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே தரையில் விரித்தாள்.

"என்ன பண்ற? விடு. பழைய துணி, அடுப்படிக்குப் போட்டுக்கலாம்."

"நல்லா இருந்தீக போங்க. அடுப்படிக்காம்ல." அவள் உள்ளே போய் ஊசியும் வெள்ளை நூலும் எடுத்துக்கொண்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். கிழிசலுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தை உள்ளங்கையால் நீவினாள். "இங்கனதான் நின்னான். நிலா தலைக்கு மேல வரட்டும்னு நாந்தான் தள்ளி நிக்கச் சொன்னேன். புள்ள நின்ன எடத்த அடுப்புத் துடைக்கவா போடுவாக? அவன் திரும்பி வாரப்ப, எங்க அந்தச் சீன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

ஞானாதிக்கம் வாயைத் திறந்தார். அது கல்லறை என்று சொல்லிவிடலாம். இப்போது சொன்னால் உண்டு, அவர்கள் இரண்டு பேரைத் தவிர அங்கே யாரும் இல்லை. ஆனிமேரி ஊசியையும் நூலையும் அவர் பக்கம் நீட்டினாள். "கண்ணு தெரிய மாட்டேங்குது. இதக் கோத்துக் குடுங்க."

வாங்கிக்கொண்டார். நூல் முனையை நாக்கில் நனைத்து, ஊசியைக் கண்ணாடிக் கூரைக்கு நேரே தூக்கிப் பிடித்தார். முதலில் ஏறவில்லை. திரும்ப நனைத்து, திரும்பப் பிடித்தார். நூல் ஏறியதும் நுனியில் முடிச்சுப் போட்டு அவளிடம் கொடுத்துவிட்டு, எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து, அவள் தைப்பதற்குத் தோதாகக் கிழிசலின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.